திருப்பி விட வேண்டிய ஒரு கொடுவா

போன ஞாயிற்றுக்கிழமை உம் மகள் சான்பாடாவிலிருந்து திலக் நகரில் என் வீட்டுக்கு வந்து உம்முடைய தூண்டில் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம், அதற்காகப் பரணைக் காலி செய்தார்களாம். பை இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. திறந்ததும் உப்பும் பதனிட்ட தோலும் ஈரமும் கலந்த ஒரு வாடை வந்தது. உள்ளே நீர் வெட்டிய அளவு வார் சுருண்டிருக்கிறது. ஒரு வருஷத்தில் அதன்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. துணியால் துடைத்தேன். நீர் குத்திய இரண்டு துளைகளும் அருகருகே தெரிகின்றன.

உமக்கு எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒழுங்கில்லாமல் எழுத வராது. முப்பத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் கோடு போட்டவன். அதனால் சொல்லப்போவதை முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

1. நம் விதி. அதைப் போட்டவன் நான்.
2. அந்த விதி தவறு என்று நான் தெரிந்துகொண்டதும் உம்மிடம் சொன்னதும்.
3. அதற்குப் பிறகு நீர் என்னிடம் கேட்ட ஒரே காரியம்.
4. உம் மகள் மறுத்ததால் அது நடக்காமல் போனது.
5. இந்த வருஷம் நான் தனியாகப் போனது.

நீர் இருந்தால், "துக்கத்துக்கும் நம்பர் போடுதீராவே?" என்று கேட்டிருப்பீர்.

ஓய்வு பெற்ற முதல் வருஷம் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் போடுவார்கள். அது சரியா என்று பார்ப்பதற்காக மான்குர்டைத் தாண்டி, வாஷி பாலத்துக்கு இந்தப் புறம் உள்ள உப்பங்கழிக் கரைக்குப் போவேன். உப்பங்கழி என்று எழுதினால் உமக்குச் சிரிப்பு வரும். இந்த ஊரில் எல்லோருக்கும் போல நமக்கும் அது காடிதான். ஒரு குச்சியில் அங்குலக் கோடுகள் போட்டுச் சேற்றில் நட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, வாய்க்குள் தமிழில் எண்ணிக்கொண்டு நின்றேன். சற்றுத் தள்ளிக் கையில் தூண்டில் நரம்போடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னவே, கடலுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கீரா?"

அதுதான் நீர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். தாராவியில் பெல்ட்டும் பையும் தைக்கிற பட்டறை உம்முடையது. உமக்கு மேலப்பாளையம், என் அப்பாவுக்குப் பாளையங்கோட்டை. நடுவில் ஓர் ஆறுகூடக் கிடையாது. நாம் சந்திக்க மான்குர்டு வரை வர வேண்டியிருந்தது.

அன்று முதல் பதினாறு வருஷம், வைகாசி பிறந்தால் நமக்கு வேறு நினைப்பு இருந்ததில்லை. மழைக்கு முந்தி, இந்தக் கரையின் மீனவர்களான கோளிகள் படகுகளைக் கரையேற்றிய பிறகு, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித் தண்ணீர் மிக உயரமாக ஏறும் நாட்கள் உண்டு. உதான் என்பார்கள் இங்கே. அந்த ஏற்றத்தில்தான் கொடுவா சினையோடு காடிக்கு வரும். இங்குள்ளவர்கள் அதை ஜிதாடா என்பார்கள். நீர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. "நம்ம ஊர்க்காரிவே, அவள எதுக்கு வேற பேரு சொல்லிக் கூப்பிடணும்?" என்பீர்.

நீர் பிடிப்பீர், நான் குறிப்பேன். நேரம், திதி, காற்று, தண்ணீரின் நிறம், மீனின் நீளம். நான் சைவம். மீனைத் தின்றதும் இல்லை, அதுவரை தொட்டதும் இல்லை. அதைச் சொல்லியே ஓட்டுவீர். "ஊரே மீனத் தின்னுட்டு மறந்துரும். நம்ம சார்வாள் ஒருத்தர்தான் தின்னாமலே பேரேடு வச்சிருக்காரு."

இனி முதலாவது.

மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, நீர் பெரிய கொடுவா ஒன்றைக் கரைக்கு இழுத்தீர். அரை மணி நேரம் பிடித்தது. இரண்டு தரம் அது தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல இருக்கும். அதற்காகவே கட்டைவிரலுக்குத் தோலில் ஓர் உறை தைத்து வைத்திருந்தீர். அதை மாட்டிக்கொண்டு வாயைப் பிடித்துத் தூக்கினீர். மூன்றடிக்கு மேல் இருந்தது. வயிறு உப்பியிருந்தது. உம் கை பட்டதும் அடியிலிருந்து மஞ்சளாகச் சினை கசிந்தது.

"சினைக்காரிவே," என்றீர். குரலை இறக்கிச் சொன்னீர், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல. "விட்டுருவோம்."

"கூடாது," என்றேன்.

"என்னவே கூடாதுங்கீரு?"

"சின்னதத்தான் விடணும். அது இன்னும் வளரணும், பெருகணும். இது வாழ்ந்து முடிச்சது. ரெண்டரை அடிக்குக் கீழ உள்ளதெல்லாம் தண்ணிக்கு, மேல உள்ளத எடுத்துக்கிடலாம். இத நம்ம விதியா வச்சுக்கிடுவோம்."

"இவ்வளவு புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா..."

"அது மனசு சொல்லுதது. நான் சொல்லுதது கணக்கு."

நீர் மீனைப் பார்த்தீர். என்னைப் பார்த்தீர். அது செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "நீரு படிச்சவரு. சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிச் சாக்கை எடுத்தீர்.

எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். அலுவலகத்தில் மேலதிகாரியின் வரைபடத்தில் தப்பு இருந்தால் பென்சிலால் லேசாக ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பேன், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. வீட்டில் எந்தப் பக்கம் அலமாரி வைப்பது என்பதில்கூட எனக்குக் கருத்து இருந்ததில்லை. 'கூடாது' என்ற சொல்லை நான் உரக்கச் சொன்னது உம் ஒருவரிடம்தான். நீர் கேட்டீர். அந்த ருசி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்த வாரமே தோலில் இரண்டரை அடிக்கு ஒரு வார் வெட்டி, அளவுக்குத் துளை குத்திக் கொண்டுவந்தீர். மூன்று வருஷம் கழித்து என் இரும்பு அளவுகோலை அதனோடு வைத்துப் பார்த்தபோது, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வார் ஒன்றரை அங்குலம் நீண்டிருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்று வருஷத்து அளவுகளும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிட்டனவே என்று புலம்பினேன். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். "தப்பு வாரால ரெண்டு மூணு பேரு பொழச்சுப் போனா, போயிட்டுப் போறாவவே!" என்று, பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று குத்தினீர்.

பதினாறு வருஷத்தில் நாம் எடுத்துக்கொண்ட பெரிய கொடுவாக்கள் நாற்பத்தொன்று. முதல் ஏழு வருஷத்தில் முப்பது. அதற்குப் பிறகு பதினொன்று. கடைசி மூன்று வருஷம் ஒன்றுகூட இல்லை. 'காடித் தண்ணீர் கெட்டுவிட்டது' என்று குறிப்புப் பத்தியில் எழுதினேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டும்தானா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது.

போன வருஷம் சித்திரையில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். மீன் வளர்ப்பைப் பற்றிய ஒரு கல்லூரிப் பாடப் புத்தகம் கிடைத்தது. யாரோ ஒரு மாணவர் பரீட்சைக்காகப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். கொடுவாவைப் பற்றிய பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்த வரி இதுதான்: இம்மீன் இளமையில் ஆண், பல வருஷம் வாழ்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது.

நான் நடைபாதையிலேயே நின்றேன். கடைக்காரர் நகரச் சொன்னார். நகர்ந்து நின்று மறுபடியும் படித்தேன். இரண்டரை அடிக்குக் கீழே உள்ளதெல்லாம் ஆண். மேலே உள்ளது அநேகமாக எல்லாம் பெண். நாம் ஒவ்வொரு வருஷமும் தாய்கள் வருகிற சமயம் பார்த்துப் போய், அளந்து, ஆண்களைத் திருப்பி விட்டுத் தாய்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். என் விதிப்படி. இரும்பு அளவுகோலின் திருத்தத்தோடு.

இருபத்து மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். அப்போது நீர் இதயம் பலவீனமாகி, கால்கள் வீங்கி, பட்டறையை விட்டுவிட்டு, சான்பாடாவில் மகள் வீட்டு ஏழாம் மாடியில் ஜன்னலோரம் கட்டிலில் இருந்தீர். நோயாளியிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் ஒரு தப்பைத் தெரிந்துகொண்டு திருத்தாமல் வைத்திருக்க எனக்கு முடியாது. அப்படித்தான் அன்று நினைத்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தையும் பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, அந்த வரியை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொன்னேன்.

நீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர். அங்கிருந்து காடி ஒரு கோடு போலத் தெரியும்.

"அப்போ நாம விட்டதெல்லாம் ஆம்பளப் பயலுவளா?"

"ஆமா."

"பெருங்கூட்டமா மாப்பிள்ளைங்க நிப்பானுவ. பொண்ணுக்கு எங்கவே போவானுவ?" சிரிப்பு இருமலாக மாறியது. தண்ணீர் கொடுத்தேன்.

"அவங்களும் வளந்தா பொண்ணா மாறுவாங்க," என்றேன், ஆறுதல் போல.

"வளந்து வந்தவளையும் நாமதானவே புடிச்சோம்."

நோட்டுப் புத்தகத்தை மூடினேன். பிறகு உம் மனைவியைப் பற்றிச் சொன்னீர். அதுவரை சொன்னதில்லை. பெரிய மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால், வயிற்றைக் கிழித்ததும் இரண்டு கைப்பிடி சினை வரும்; அவர் அரிவாள்மணையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "எதுக்குங்க இந்த மாசத்துல போய்ப் புடிக்கிறீங்க?" என்று கேட்பாராம். "எங்க சார்வாள் கணக்கு போட்டிருக்காரு, அவருக்குத் தெரியாததா?" என்று நீர் சொல்வீராம்.

நீர் என்னைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதனால்தான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது.

மறுநாள் நீரே போன் செய்தீர். அதுவரை போனை எடுத்துப் பேசவே மூச்சு வாங்கும் உமக்கு.

"வே, அமாவாசை என்னைக்கு?"

பன்னிரண்டு நாள் இருந்தது. சொன்னேன்.

"மௌத்தாகுறதுக்கு முந்தி ஒரு தடவ காடிக்குப் போகணும். ஒரு பெரியவளப் புடிச்சு, திருப்பி விட்டுட்டு வந்துரணும். நாப்பத்தொண்ணுக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"மூணு வருஷமாக் கிடைக்கலியே."

"கெடைக்கலன்னா நரம்பப் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம். போகாம இருந்தாத்தான் நிச்சயமாக் கெடைக்காது."

நான் வரும்போது பட்டறையிலிருந்து உம் சின்ன அரத்தை எடுத்துவரச் சொன்னீர். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால், மீன் நழுவாமல் இருக்க ஒரு சிறு எதிர்முள் இருக்குமே, அதை அரத்தால் தேய்த்து எடுக்கத் தொடங்கினீர். விடும்போது வாய் கிழியக் கூடாது என்று. ஒரு முள்ளைத் தேய்க்க மூன்று நாள் ஆயிற்று. கை ஓய்ந்துவிடும், நிறுத்துவீர், மறுபடி எடுப்பீர். நான் வாங்கிச் செய்கிறேன் என்றதற்குத் தரவில்லை. முடிந்ததும் உம் உள்ளங்கையில் குத்தி இழுத்துக் காட்டினீர். எதிலும் மாட்டாமல் வெளியே வந்தது. ஒரு பொட்டு ரத்தம். "பாத்தீரா, வலிக்கவே இல்ல," என்றீர்.

நான் ஒரு பட்டியல் போட்டேன். மடக்கு நாற்காலி, குடை, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, ஆட்டோ ஓட்டுபவரின் எண், தண்ணீர் ஏறும் நேரம் என்று பதினான்கு. உமக்குப் படித்துக் காட்டினேன்.

"பதினாலாவது என்னது?"

"உம்ம மகள்ட்டச் சொல்லுதது."

"அத அடிச்சிரும். அவ விடமாட்டா."

"சொல்லாமக் கூட்டிட்டுப் போகக் கூடாதுவே."

யோசித்தீர். "சரி, நீரே கேளும். நான் கேட்டா அழுதுருவா. பொறவு எனக்கும் போக மனசு வராது."

ஆகவே கேட்கும் பொறுப்பு என்னுடையது. உம்முடைய விருப்பம் நிறைவேறுவதும் நிறைவேறாததும் என் வாயில் இருந்தது.

நான்காவது. இதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் உம் மகளுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து உம் கட்டிலருகே உட்கார்ந்தேன். நீர் முழுக்கைச் சட்டை மாட்டி, தொப்பி வைத்து, வீங்கின கால்களைச் செருப்பில் பாதி நுழைத்துத் தயாராக இருந்தீர். முள் ஒரு தீப்பெட்டிக்குள் சட்டைப் பையில் இருந்தது. வெளியே மேகம் போட்டிருந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"மகளுக்கு இஷ்டமில்ல," என்றேன்.

"அவளா சொன்னா?"

"ஆமா. உடம்பு தாங்காதுன்னு பயப்படுதா. நீரு அவகிட்ட இதப் பத்திப் பேசாதேயும். ரொம்ப வருத்தத்துல இருக்கா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெதுவாகத்தான் பேசினேன். நீர் தீப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினீர். நான் அதைத் தூண்டில் பையில் போட்டேன். செருப்பை நீரே காலால் தள்ளிவிட்டீர்.

"ஒரு மணி நேரம்வே," என்றீர். "அவளத் தூக்கி வளத்திருக்கேன். ஒரு மணி நேரம் விடக் கூடாதா?"

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர். பதினோரு நாள் இருந்தீர். அதில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில். நான் நான்கு தடவை வந்தேன். மழை கொட்டத் தொடங்கிவிட்டது, தாராவியில் முழங்கால் தண்ணீர் என்று ஏதேதோ பேசினேன். "ம்" என்றீர். மகள் கஞ்சி கொண்டுவந்தால் அந்த 'ம்'கூட இல்லை. கபர்ஸ்தானில் உம்மை வைத்தபோது நான் குடையோடு ஓரமாக நின்றேன். மூன்று பிடி மண் போட என்னையும் கூப்பிட்டார்கள். போட்டேன்.

உம் மகள் மேல் குற்றமில்லை. எந்த மகளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது.

நேற்று முன்தினம் உதான் ஏற்றம். பை வந்துவிட்டதே, நாமே போய்ச் செய்துவிட்டு வரலாம் என்று தோன்றிற்று. செம்பூர் மார்க்கெட்டில் இறால் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. எந்த இறால் என்று கேட்ட மீன்காரப் பெண்மணிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காடிக் கரையில் நம் இடத்துக்குப் போய், நீர் தேய்த்த முள்ளில் இறாலைக் குத்த நான்கு முயற்சி ஆயிற்று. நரம்பை வீசினால் அது என் காலடியிலேயே விழுந்தது. மூன்றாம் தடவை எப்படியோ தண்ணீருக்குள் போயிற்று. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மணி பதினொன்றுக்குப் பக்கம், படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த அந்தக் கோளிக் கிழவர், உம்மோடு பீடி குடிப்பாரே, அவர் வந்தார்.

"க்யா சாச்சா, அகேலா? பெல்ட்வாலா கிதர்?"

என்ன தனியாக, பெல்ட்காரர் எங்கே என்று கேட்கிறார். நீர் இல்லை என்று சொன்னேன். தார்க் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு நரம்பைப் பார்த்து, இந்த வருஷம் ஜிதாடா இங்கே கிடையாது, வீணாக உட்காராதீர்கள் என்றார். போன வருஷம் மழைக்கு முந்தி மட்டும் இரண்டு பெரியது வந்தது, பாலத்துத் தூணுக்கு அடியில், என்றார்.

நோட்டைத் திறந்தேன். எந்தத் தேதி என்று கேட்டேன். அமாவாசைக்கு முன்பா, பின்பா? எத்தனை மணிக்கு?

அவர் சிரித்தார். "அரே சாச்சா, மச்சி கா பர்த்டே கோன் லிக்தா ஹை?"

மீனின் பிறந்தநாளை எழுதி வைக்கிறவன் ஒருவன் இருந்தான், அவன் அன்று கரைக்கு வரவில்லை. போன வருஷத்து உதான் நாட்களுக்கு மட்டும் என் நோட்டில் பக்கம் காலியாக இருக்கிறது. அவை நமக்கான நாளில் வந்தவையா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டு மணிக்கு நரம்பை இழுத்தேன். இறாலை ஏதோ தின்றுவிட்டிருந்தது. முள் வெறுமையாக வந்தது. எதிர்முள் இருந்திருந்தால் அதுவாவது மாட்டியிருக்கும்.

அங்கிருந்து சான்பாடா இரண்டு ஸ்டேஷன். உம் மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறினேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் லிஃப்டில் ஏழாம் மாடி வருவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது. அவள் என் செருப்புச் சேற்றைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சாயா போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். ஒரு வருஷமாக் கேக்க நெனைக்கேன்."

"கேளும்மா."

"வாப்பா கடைசி பத்து நாள் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. கஞ்சி குடுத்தா கைய வச்சுத் தள்ளிட்டாரு. அன்னைக்குக் காடிக்குப் போறதுக்கு நான் ஃபிளாஸ்க்ல சாயா எல்லாம் ஊத்தி வச்சிருந்தேன். நீங்க உள்ள போயிட்டு வந்து, 'வாப்பாவுக்கே இன்னைக்கு மனசில்லியாம், விட்டுரும்மா'ன்னு சொன்னீய. அதுலருந்துதான் பேச்சு நின்னுச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன் மாமா? உங்ககிட்ட எதாவது சொன்னாரா?"

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்ட கேள்வி அது. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு முடியாதவங்க அப்படித்தாம்மா இருப்பாங்க. மனசுல வச்சுக்காத," என்றேன். சாயாவைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்தேன். கீழே இறங்கி வந்தேன்.

இந்த மடலை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று நேற்று முழுவதும் நினைத்தேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் ஹிந்தியும் மராட்டியும்தான். கொடுத்தால், "நீங்களே படிச்சுச் சொல்லுங்க மாமா," என்பாள். இது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதத் தொடங்கினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாளைக்குப் போய் நேரில் சொல்லிவிடுவேன் என்று இங்கே ஒரு வரி எழுதலாம். எழுதினால் நீர் நம்பிவிடுவீர். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் நீர் ஒருவர்தான். அதனால் எழுதவில்லை.

உம்மிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்னவென்று கேட்டால், சுவர்ப் பக்கம் திரும்பிய உம் முதுகுதான். அதை உம் மகளுக்குக் காட்டியதாக நீர் நினைத்துக்கொண்டு போய்விட்டீர்.

முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது எல்லாம் நடந்தபடியே இருக்கின்றன. நான்காவது தப்பு. உம் மகள் மறுக்கவில்லை. அவள் மறுப்பாள் என்று நம்பித்தான் நான் போன் செய்தேன். மறுத்தால், உம்மைச் சேற்றில் உட்காரவைத்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையிலிருந்து நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று. அவள் சொன்னது இதுதான்: "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க மாமா. டாக்டரே, ஆசப்பட்டதச் செய்ய விடுங்கன்னுட்டாரு. நீங்க கூட இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

பயம் எனக்குத்தான் இருந்தது.